ஜெபித்தோம், சுவரைத் தட்டிப் பார்த்தோமா?

அடுகோடியில் பழைய வீடொன்றை வாங்கச் சென்ற ஒரு குடும்பத்தின் அனுபவமும், நமக்கான பாடங்களும்

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஒரு சகோதரனும் அவருடைய மனைவியும் போதகரிடம் வந்து நின்றார்கள். இருவர் முகத்திலும் சந்தோஷம் நிறைந்திருந்தது.

"பாஸ்டர் ஐயா, அடுகோடியில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. பழைய வீடுதான், சின்ன வீடுதான். ஆனாலும் சொந்த வீடு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம். நீங்கள் ஜெபித்து அனுப்ப வேண்டும்" என்றார்கள்.

போதகர் ஜெபித்தார். ஆமென் சொன்னபின் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டை எத்தனை தடவை பார்த்தீர்கள்?"

"ஒரு தடவை, ஐயா. வேலை முடிந்து இரவில் போனோம். கரண்ட் இல்லை. டார்ச் அடித்துக் காட்டினார்கள்."

போதகர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அருகில் நின்ற என்னையும், சபையில் மேஸ்திரியாக வேலை செய்யும் மூத்த சகோதரர் ஒருவரையும் அழைத்து, "சனிக்கிழமை காலையில் வெளிச்சம் இருக்கும்போது நீங்களும் இவர்களோடு போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு இருக்கட்டும்" என்றார்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். சகோதரனின் தகப்பனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. கம்பெனி கொடுத்த லைன் வீட்டில்தான் பிள்ளைகள் யாவரும் வளர்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, வாழ்நாளெல்லாம் குடியிருந்த வீடுகூடத் தங்களுடையது அல்ல என்பதை அந்தத் தகப்பன் உணர்ந்தார். மகன் பெங்களூருக்கு வந்தார். போகியத்துக்கு வீடு பிடித்தார். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பதும், காலி செய்யும்போது அதே தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறுவதும் இந்நகரத்து வழக்கம் என்பதை நாம் அறிவோம். அந்தப் போகியப் பணம், மனைவியின் நகை, வருங்கால வைப்பு நிதி ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் இந்த வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார்கள். இருபது வருட உழைப்பு அது. தவறினால் இரண்டாம் முறை சேர்க்க வயது இல்லை.

ஆராய்வது அவிசுவாசமா?

"கர்த்தர் காட்டிய வீட்டை மேஸ்திரி வந்து பார்க்க வேண்டுமா?" என்று உறவினர் ஒருவர் அந்தச் சகோதரியிடம் கேட்டாராம். இப்படிக் கேட்பவர்கள் நம்மிடையே அநேகர். அவர்கள் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் ஏதோ தோஷம் தென்படுகிறது என்று வீட்டுக்காரனே ஆசாரியனிடம் அறிவிக்கிறான். ஆசாரியன் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் வீட்டை ஒழித்துவைக்கச் சொல்கிறான். சாமான்கள் நிறைந்த வீட்டில் சுவர் தெரியாது அல்லவா? பின்பு உள்ளே சென்று பச்சையாகவோ சிவப்பாகவோ சுவரில் குழிந்திருக்கும் இடங்களைக் கவனிக்கிறான். ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்து, ஏழாம் நாளில் திரும்ப வந்து பார்க்கிறான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, வேறு கற்களை வைத்துப் பூசச் சொல்கிறான். அதற்கும் அடங்காவிட்டால் வீட்டையே இடிக்க வேண்டும்.

காலி செய்து பார்த்தல், இடைவெளிவிட்டு மறுபடி பார்த்தல், சரிசெய்யக்கூடியதையும் சரிசெய்ய முடியாததையும் பிரித்தறிதல் ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. வீட்டைச் சோதிப்பதைத் தேவனே கட்டளையாகக் கொடுத்திருக்க, அதை அவிசுவாசம் என்று நாம் சொல்வது எப்படி?

அடுகோடியின் பழைய வீடுகள்

ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடி, நம்மவர்களுக்குப் பழக்கமான பகுதி. 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ தொழிற்சாலை இங்கேதான் வளர்ந்தது. 2008-இல் அது பாஷ் என்று பெயர் மாறியது. பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம், ஆயுதப்படைக் காவலர் மைதானம், சுற்றிலும் லக்கசந்திரா, வில்சன் கார்டன், ஈஜிபுரா, கோரமங்கலா ஆகியவை இருக்கின்றன. தொழிற்சாலைக்கு நடந்து போகிற தூரத்தில் எழும்பிய சிறு வீடுகள் பல இன்னும் நிற்கின்றன. இருபதுக்கு முப்பது சைட்; சில இடங்களில் அதிலும் பாதி. கீழே தகப்பன் கட்டிய வீடு, மேலே மகன் எழுப்பிய மாடி, அதற்கும் மேலே வாடகைக்குத் தகரக் கூரை அறை. இதுவே இங்குள்ள பழைய வீட்டின் பொதுவான உருவம்.

இப்படிப்பட்ட வீட்டில் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 செப்டம்பரில் இப்பகுதி கண்கூடாகக் கண்டது. 27-ஆம் தேதி லக்கசந்திராவில், மெட்ரோ ரயில் பணியாளர்கள் தங்கியிருந்த பழைய மூன்று மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. கட்டடம் சாய்வதைக் கண்டு அவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. மறுநாளே டெய்ரி சர்க்கிள் அருகில் பால் கூட்டமைப்பின் ஊழியர் குடியிருப்புக் கட்டடம் ஒன்றும் இடிந்தது. பல கட்டடங்கள் விழுவதற்கு முன்னதாகவே விரிசலாலும் சாய்வாலும் சொல்லத்தான் செய்கின்றன.

மேஸ்திரி பார்த்தவை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்றோம். பதினைந்து அடி அகலம், நாற்பது அடி நீளம். அறுநூறு சதுர அடி மனை. கீழ்வீட்டுக்கு வயது சுமார் முப்பத்தைந்து. மாடி பிற்பாடு எழுப்பப்பட்டது. முன் அறையில் சிவப்பு ஆக்சைடு தரை பளபளவென்றிருந்தது. சகோதரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தரையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

சுத்தியலின் பின்பக்கத்தால் கூரைப் பூச்சை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் மட்டும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. அங்கே துருவின் பழுப்புக் கறையும் இருந்தது. "தம்பி, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஊதிப் பெருகும். பெருகினால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். இந்த மூலையைப் பெயர்த்துச் சரிசெய்ய வேண்டும். கூரை முழுதும் இப்படி இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்" என்றார்.

அடுத்து விரிசல்கள். பூச்சில் மட்டும் தலைமுடிபோல் ஓடும் விரிசல், சுண்ணாம்பு அடித்தால் மறையும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசலும், செங்கல் வரிசையோடு படிபடியாக இறங்கும் விரிசலும், நாணயம் நுழையுமளவு அகன்ற விரிசலும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று கேட்க வைப்பவை. அந்த வீட்டின் பின் ஜன்னலருகே சாய்வான விரிசல் ஒன்று இருந்தது. மேஸ்திரி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை அதன் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியும் எழுதினார். சுவர் இன்னும் அசைகிறதென்றால் கண்ணாடி உடையும்; அசைவு நின்றுவிட்டதென்றால் அப்படியே இருக்கும். பழங்காலத்து ஏழு நாள் பூட்டுதலைப் போன்ற எளிய சோதனை இது.

மாடி எழுப்பியவர்கள் கீழ்ச்சுவரைக் கேட்டா எழுப்பினார்கள் என்பது மூன்றாவது கேள்வி. ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின் மீது இரண்டு, மூன்று தளங்களை ஏற்றியிருந்தால், மேஸ்திரியின் கண் போதாது. கட்டடப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதே ஞானம். அந்தக் கட்டணம் வீண் செலவாகாது. அந்தக் குடும்பமும் ஒரு பொறியாளரை அழைத்தது. கீழ்வீடும் ஒரு மாடியும் மட்டும் தாங்கும். அதற்கு மேல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

ஓதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பதற்கு முன் புது வண்ணம் அடித்த சுவரைச் சந்தேகியுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு வண்ணம் உப்பியிருந்தாலோ, வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ நிலத்தின் ஈரம் மேலேறுகிறது என்று அர்த்தம். கூடுமானால் ஒரு பெருமழைக்கு மறுநாள் சென்று பாருங்கள். தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பக்கத்திலுள்ள கோரமங்கலாவின் தாழ்ந்த பகுதியான எஸ்.டி. பெட் ஒரு பழைய ஏரிப்படுகை. மழைநீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. மழைநீர் செல்லும் ராஜகாலுவேயை ஒட்டிய வீடு என்றால் வெள்ளம் ஒரு பயம், ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்படுதல் மற்றொரு பயம்.

தண்ணீர், மின்சாரம், காற்று

காவிரிக் குழாய் இணைப்பு அந்த வீட்டின் பேரிலேயே இருக்கிறதா, எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று விசாரியுங்கள். 2024-இன் தொடக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. சம்ப்பை முழுதும் இறைக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். கழிவுநீர்க் குழாய் அதன் அருகில் சென்றால் இடைவெளியையும் கசிவையும் கவனியுங்கள். மின்சார வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய இரண்டின் ஆர்.ஆர். எண்களையும் குறித்துக்கொண்டு பாக்கி உண்டா என்று கேளுங்கள். பழைய வயரிங்கில் எர்த் கம்பி இல்லாத வீடுகள் உண்டு. அப்படியானால் முழுதும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதைச் சிறு காரியமாக எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று வில்சன் கார்டனை அடுத்த சின்னய்யனபாளையாவில், எரிவாயு சிலிண்டரால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட வெடிவிபத்தில் ஒரு சிறுவன் மரித்தான். நெருக்கமாக அமைந்த வீடுகள் பல சேதமடைந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் ஒரு வீட்டின் ஆபத்து பத்து வீட்டின் ஆபத்து. மாடியில் கைப்பிடிச்சுவர் உண்டா என்பதையும் பாருங்கள். உபாகமம் 22-ஆம் அதிகாரம் அதையும் வீட்டுக்காரனின் கடமையாக வைத்திருக்கிறது.

மண்பாண்டத்தில் வைக்கப்பட்ட பத்திரம்

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாட்களில் எரேமியா ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை வாங்கினார். கர்த்தருடைய வார்த்தையின்படியே வாங்கினார். ஆயினும் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பிரதி, திறந்த பிரதி இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, மண்பாண்டத்தில் பத்திரமாய் வைக்கச் சொன்னார். தேவவாக்கைப் பெற்றவரே இவ்வளவு செய்தாரென்றால், நாம் எவ்வளவு செய்ய வேண்டும்!

நமக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாதென்றால், பத்திரங்களை விற்பவரோ தரகரோ வாசித்துக் காட்டுவது போதாது. நம் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் வாசிக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இவை:

முதலாவது, மூலப்பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. 2004 ஏப்ரலுக்கு முந்தைய விவரங்களைக் கணினியில் மட்டும் தேடினால் போதாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் தேடச் செய்யுங்கள். மூன்றாவது, காத்தா. காத்தா என்பது வரிப்பதிவு. அதுவே உரிமைப் பத்திரமாகாது. 'ஏ' காத்தாவா 'பி' காத்தாவா என்பதைப் பொறுத்தே வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் அமைகின்றன. 2024 அக்டோபர் முதல் பெங்களூர் மாநகரில் பத்திரப்பதிவுக்கு இ-காத்தாவும் கட்டாயமாயிற்று.

நான்காவது, பவர் பத்திரத்தை மட்டும் காட்டி விற்கப்படும் வீட்டுக்கு விலகி நில்லுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் உரிமை மாறுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஐந்தாவது, வீட்டில் போகியத்துக்கு இருப்பவர் உண்டா? அவருடைய பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது? வீடு காலியானபின் பதிவு செய்வதே நல்லது. ஆறாவது, விற்பவரின் தகப்பனார் உயில் எழுதாமல் மரித்திருந்தால், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் தானே சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தம் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. 2020-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

இந்த ஆறாவது காரியத்தில்தான் நம் சகோதரனின் வீடு நின்றுபோயிற்று. மூன்று அண்ணன் தம்பிகள் விற்கச் சம்மதித்திருந்தார்கள். வழக்கறிஞர் வம்ச விருட்சச் சான்றைக் கேட்டபோது நான்காவதாக ஒரு பெயர் வந்தது. ஓசூரில் இருந்த மூத்த சகோதரி, விதவை, தையல் வேலை செய்து பிழைப்பவர். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம். அவர்கள் வந்து கேட்க மாட்டார்கள்" என்று சகோதரர்கள் சொன்னார்கள்.

அன்றிரவு அந்தக் குடும்பத்தில் நித்திரை இல்லை. அவர் ஒருவேளை கேட்கவே மாட்டார் என்பதும் உண்மையாக இருக்கலாம். வேறு ஆட்கள் அந்த வீட்டுக்குக் காத்திருந்தார்கள். ஆனாலும் மனைவி கணவனிடம், "ஒரு விதவையின் பங்கின் மேல் உட்கார்ந்து நாம் எப்படிக் குடும்ப ஜெபம் பண்ணுவது?" என்று கேட்டாராம். மறுநாளே, சகோதரியின் கையெழுத்தில்லாமல் அட்வான்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விலை என்பது என்ன?

காத்திருந்த நாட்களில் கணக்குப் போட்டோம். பழைய வீட்டின் விலையில் இரண்டு பங்குகள் உண்டு: மனையின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு. மனைக்கு அரசின் வழிகாட்டி மதிப்பையும், அதே தெருவில் அண்மையில் பதிவான விலையையும் பாருங்கள். கட்டடமோ ஆண்டுதோறும் தேய்கிறது. எடுத்துக்காட்டாக, ஐந்நூறு சதுர அடி வீட்டைப் புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமென்றால் 10 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கழிந்தது 35 என்றால், மீதியுள்ள 25 ஆண்டுக்கு மதிப்பு சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம் மட்டுமே. இதிலிருந்து உடனடிப் பழுதுபார்ப்புச் செலவையும் கழிக்க வேண்டும். பளபளக்கும் தரையைப் பார்த்துப் புதுவீட்டு விலை கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்களே.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா 14-இல் போதித்தார். 40 லட்சம் விலையுள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடன்களுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே அதிகபட்சம் 32 லட்சம். கையிலிருந்து 8 லட்சம். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ்ஸும் கூடுதல் வரியும், 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாக உயர்ந்த பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 7.6 சதவீதம், அதாவது 3 லட்சத்து 4 ஆயிரம். வழக்கறிஞர், பொறியாளர், பழுதுபார்ப்பு இவற்றுக்குத் தனி. எட்டரை சதவீத வட்டியில் 32 லட்சத்துக்கு இருபது ஆண்டு மாதத் தவணை சுமார் 27,770 ரூபாய். மாத வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தவணை போகுமானால், பிள்ளைகளின் படிப்பும் சமாதானமும் அதற்கு விலையாகும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுக்கும்படி கேட்பார்கள். இது பொய்ச்சாட்சி. சட்டத்துக்கும் விரோதம், 2015 முதல் வீடு நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மேலும் குறைத்து எழுதிய விலைக்கே வங்கியும் கடன் கணக்கிடும்.

கண்ணாடி உடையவில்லை

இரண்டு மாதங்கள் கழிந்தன. வேறு ஆட்கள் வேறு வீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நாள் ஓசூரிலிருந்து அந்த மூத்த சகோதரி தம்பிகளோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். நாலாவது பங்கு அவருடைய வங்கிக் கணக்குக்கே செல்லும் என்று எழுதப்பட்டது. கையெழுத்திட்டபின் அவர் நம் சகோதரியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர்கள் நீங்கள்தானம்மா" என்றார்.

மேஸ்திரி ஜன்னலருகே ஒட்டிய கண்ணாடித் துண்டு உடையாமல் இருந்தது. கூரை மூலை, வயரிங், சம்ப் ஆகியவற்றின் செலவு விலையில் குறைக்கப்பட்டது. மாடிமேல் இருந்த தகரக் கூரை அறையைப் பதிவுக்குப்பின் முதல் வேலையாக இறக்கினார்கள். அதனால் வரக்கூடிய வாடகை போயிற்று. ஆனாலும் பொறியாளர் எழுதிக் கொடுத்த வார்த்தையை அவர்கள் மீறவில்லை.

வீட்டுப் பிரதிஷ்டை ஆராதனைக்குச் சென்றிருந்தோம். பதினைந்தடி அகல வீட்டில் ஐம்பது பேர் நெருங்கி உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணினோம். சுரங்க லைன் வீட்டில் வாழ்ந்து மரித்த தகப்பனின் படம் முன் அறையில் இருந்தது. ஓசூர் சகோதரியும் வந்து, வாசலருகே அமர்ந்திருந்தார்.

அன்பானவர்களே, சிறிய வீடு தாழ்வல்ல, பழைய வீடு குற்றமல்ல. அதைப் பகலில் பாருங்கள், மழையில் பாருங்கள், இருமுறை பாருங்கள். பத்திரத்தில் இல்லாத பெயர் எது என்று கேளுங்கள். வீட்டுக்காக முழங்காலில் நிற்பவர்களே, அதன் சுவரையும் கையால் தட்டிப் பாருங்கள். அப்படி வாங்கும் வீட்டில் கர்த்தர் உங்களுக்குச் சமாதானமான நித்திரையைக் கட்டளையிடுவாராக. ஆமென்.